ஆர்மோனியப் பெட்டியும் ஐந்து கோடும்



ஒரு பாட்டைக் கேட்கும்போது பாடுகிறவரின் குரல் நமக்குத் தெரிகிறது. படத்தில் வாயசைக்கும் நடிகரின் முகமும் தெரிகிறது. இவர்களுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எந்த நொடியில் ஒலிக்க வேண்டும், எந்த நொடியில் அடங்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிவதில்லை. இசையை இப்படி எழுதுவது தனியாகக் கற்க வேண்டிய ஒரு கல்வி. பள்ளிப் படிப்பையே பாதியில் விட்ட ஒரு தமிழ் இளைஞர் அதை எப்படிக் கற்றார் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அவர் பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இளையராஜாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பீர்கள். நான் பேச வந்தது 1976 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த புகழைப் பற்றி அன்று. அதற்கு முந்திய பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி. அவர் ராசையா என்னும் பெயரோடு, ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த காலத்தைப் பற்றி. யோங் பெங், சாஆ, லாபிஸ், ஆயர் ஈத்தாம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் அந்நியமாக இராது. அந்தக் கதையின் வேர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது.

முதலில் இடத்தைத் தெரிந்து கொள்வோம். பண்ணைப்புரம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். அக்காலத்தில் அது மதுரை மாவட்டம். இப்போது தேனி மாவட்டம். ஊரில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு மேலே மூணாறு, தேவிகுளம், பீர்மேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்தக் காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள். அங்கே வேலை செய்ய அடிவாரத்து வறண்ட ஊர்களிலிருந்து தமிழர்களைக் கங்காணிகள் திரட்டிக் கொண்டு போனார்கள். நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அவர்கள் போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதை ஏறினார்கள். கடல் வழிக்கும் மலை வழிக்கும் வேறுபாடு பெரிதுதான். போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்த லயத்துக்கும் பிரட்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

ராசையாவின் தந்தையார் டேனியல் ராமசாமி. அவரே ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர் என்று குடும்ப வரலாற்றில் சொல்லப்படுகிறது. தாயார் சின்னத்தாயம்மாள். 1943 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராசையா பிறந்தார். தந்தையின் முதல் தாரத்துப் பிள்ளை வரதராஜன். வயதில் மிக மூத்தவர். பாட்டுக் கட்டுவார், பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார். ஊரார் அவரைப் பாவலர் வரதராஜன் என்றே அழைத்தார்கள். இந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தம்பியின் முதல் பள்ளிக்கூடம் அவர்தான்.

1956 ஆம் ஆண்டில் இந்தியாவில் மாநிலங்களை மொழிவழியாகப் பிரித்தபோது, தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மறு ஆண்டு கேரளத்தில் பொதுத் தேர்தல். ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டுக் கட்சி மிகக் குறுகிய பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்றவர் ரோசம்மா புன்னூஸ் என்னும் அம்மையார். அவர் பெற்ற வெற்றி நீதிமன்றத்தில் செல்லாமற் போயிற்று. 1958 ஆம் ஆண்டு மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. சட்டமன்றத்தில் ஒவ்வோர் இடமும் முக்கியமாக இருந்த வேளை அது. இந்தியா முழுவதும் அந்த மலைத் தொகுதியைப் பார்த்துக் கொண்டிருந்தது.

வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலை பறிக்கும் தமிழர். அவர்களிடம் மலையாளத்தில் பேசிப் பயனில்லை. நீண்ட சொற்பொழிவுக்கும் பயனில்லை. நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்தவர்கள் இரவில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் அரசியல் கேட்பார்கள்? பாட்டென்றால் கேட்பார்கள். ஆகவே கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாவலர் வரதராஜன் மலையேறினார். ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டென்று அந்தக் கட்சிக்காரர்கள் பிற்காலத்திலும் சொல்லி வந்தார்கள்.

அவர் செய்தது என்ன? எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக் கொள்வார். அதிலிருந்த சொற்களை நீக்கிவிட்டு, கூலியையும் அரிசியையும் தோட்ட நிர்வாகத்தையும் பற்றிய சொற்களை வைப்பார். இசை அறிந்தவர்களில் சிலர் இதைக் களவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது மெட்டாக இருந்தால் கேட்கிறவர் மனம் மெட்டைப் பிடிப்பதிலேயே போய்விடும். பழகிய மெட்டானால் காது முழுவதும் சொல்லுக்குக் கிடைக்கும். ஒரே பாட்டில், ஒரே இரவில் செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டியவனுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. நம் தோட்டங்களிலும் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் தேர்தலுக்கும் இப்படிப் பாட்டுக் கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டால் ஓரிரண்டு அடிகள் இன்னும் வரும்.

வெற்றிக்குப் பிறகு பாவலருக்கு அழைப்புகள் குவிந்தன. ஓயாத அலைச்சலில் உடம்பு தளர்ந்தது. துணைக்குத் தம்பியை அழைத்துப் போ என்று சின்னத்தாயம்மாள் சொன்னாராம். பதினான்கு வயதளவில் ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. வைகை அணைக்கட்டில் தினக்கூலிக்குப் போன நாட்களும் அவர் வாழ்க்கையில் உண்டு.

குழுவில் அவருக்கு முதலில் கிடைத்த வேலை பெண் குரலில் பாடுவது. மேடையில் பாடப் பெண்கள் கிடைக்காத காலம். மீசை முளைக்காத பையன் குரலுக்கு மதிப்பிருந்தது. பழைய நாடகக் கம்பெனிகளில் 'பாய்ஸ்' கம்பெனி என்று இருந்ததே, அதே கணக்குத்தான். ஆனால் அந்த மதிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிற்காது. குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. பாட்டு நின்றது. நாடகக் கம்பெனிகளில் எத்தனையோ சிறுவர்களின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது.

ராசையா ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். அண்ணனின் பெட்டியைத் தொடக்கூடாதென்று கட்டளை. தொட்டால் அடி விழும். அண்ணன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார் என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரில் அண்ணன் வாங்கிய அந்தப் பெட்டிதான் பின்னாளிலும் அவரோடு இருந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அதன் முன் உட்கார்ந்துதான் மெட்டமைத்தார்.

இந்த ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டு மேலே போகிறேன். வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டில் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. தடை தளர 1971 ஆம் ஆண்டு ஆயிற்று. காரணம் இருந்தது. நம் இசையின் உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போவது. வீணையில் கம்பியை இழுத்து அதைச் செய்யலாம். நாகசுரத்தில் மூச்சால் செய்யலாம். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், விட்டால் அடுத்தது. இடையில் வழியே இல்லை. ஆகவே அது நம் சங்கீதத்துக்கு ஆகாத கருவி என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அதற்கு மாறான ஒரு குணமும் அந்தப் பெட்டிக்கு உண்டு. வீணை வாசிப்பவர் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு சுரத்தையே பேச வைக்கிறார். ஆர்மோனியத்தில் மூன்று, நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்தலாம். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது என்ன நிறம் வருகிறது என்பதைத் தனியே ஒரு மூலையில் இருந்து சோதித்துப் பார்க்க, ஏழைப் பையனுக்கு அதைவிட மலிவான கருவி கிடைத்திருக்காது.

மேடையில் பெட்டிக்காரரின் வேலை எளிதன்று. கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ பார்த்தவர்களுக்கு இது தெரியும். நடிகர் எந்தச் சுருதியில் எடுப்பார் என்று சொல்ல முடியாது. எடுத்தவுடன் பிடிக்க வேண்டும். வசனம் மறந்து நின்றால் அந்த வெற்றிடத்தை வாசித்து நிரப்ப வேண்டும். அழுகைக்கு ஒரு மாதிரி, சண்டைக்கு ஒரு மாதிரி, கோமாளி நுழைந்தால் வேறு மாதிரி. தலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிற்காலத்தில் படச் சுருளை ஒரு தடவை பார்த்துவிட்டு, காட்சிக்குக் காட்சி பின்னணி இசையை விரைந்து எழுதித் தள்ளுகிறார் என்று உலகம் வியந்ததே, அந்தப் பழக்கத்துக்கு விதை இந்த மேடைகளில் விழுந்தது என்பது என் கருத்து.

சுமார் பத்தாண்டுகள் இப்படிப் போயின. 1964 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள் ஜவஹர்லால் நேரு மறைந்தார். கவிஞர் கண்ணதாசன் ஓர் இரங்கற்பா எழுதினார். அதற்கு ராசையா மெட்டமைத்தார். அவர் முதன்முதலில் அமைத்த மெட்டு என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். முதல் முயற்சியே ஓர் இரங்கற்பாட்டு. ஒப்பாரி பாடத் தெரிந்த தாய்மார்கள் நிறைந்த ஊரில் வளர்ந்தவருக்கு அது பொருத்தமான தொடக்கமே.

1968 ஆம் ஆண்டு. ராசையாவுக்கு வயது இருபத்தைந்து. சென்னைக்குப் போவதென்று சகோதரர்கள் முடிவு செய்தார்கள். கையில் பணமில்லை. வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. சின்னத்தாயம்மாள் அதை நானூறு ரூபாய்க்கு விற்று, தமக்கென ஒரு ரூபாய்கூட எடுத்துக் கொள்ளாமல் பிள்ளைகளிடம் கொடுத்தார். இளையராஜா பல முறை சொன்ன நிகழ்ச்சி இது. பாட்டுக் கேட்க வீட்டில் இருந்த ஒரே பொருளையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிய அந்தத் தாயாரைப் பற்றி வானொலியில் பேசும்போது சற்றே நிறுத்த வேண்டியிருக்கிறது.

சென்னையில் உடனே சினிமாக் கதவு திறக்கவில்லை. அதே வட்டாரத்திலிருந்து வந்த நண்பர் பாரதிராஜாவும் அப்போது வாய்ப்புத் தேடி அலைந்து கொண்டிருந்தார். சகோதரர்கள் நாடகங்களுக்கு வாசித்தார்கள், மெட்டமைத்தார்கள். அதில் வரும் பணம் சோற்றுக்கே போதாது. அந்த நிலையில்தான் ராசையா மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் குடியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். மேல்நாட்டு இசையை முறையாக அறிந்தவர் தன்ராஜ் மாஸ்டர். சென்னைத் திரையிசையில் பெயரெடுத்த பலர் அவரிடம் படித்தவர்கள், அவர்களில் ஏ. ஆர். ரகுமானும் ஒருவர். ராசையா என்ற பெயரை ராஜா என்று சுருக்கியவரும் இந்த ஆசிரியர்தான்.

பத்தாண்டு மேடை அனுபவம் உள்ளவர், தமிழ்நாடெங்கும் கைதட்டல் வாங்கியவர், இங்கே வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஐந்து கோடும் அதன்மேல் புள்ளியும். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளலாம்.

தாளில் குறுக்கே ஐந்து கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். புள்ளி மேலே போகப் போகச் சுரம் உயரும். கீழே வர வரத் தாழும். புள்ளி வெறுமையாக இருந்தால் நீண்ட ஒலி. உள்ளே கறுப்பு நிரப்பி வால் வைத்தால் குறுகிய ஒலி. வாலில் கொடி கட்டினால் இன்னும் குறுகும். இடமிருந்து வலமாகப் படித்தால் காலம் போகிறது. இதுவரை நம் ச ரி க ம எழுத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. புல்லாங்குழலுக்கு ஓர் ஐந்து கோடு, அதற்குக் கீழே வயலினுக்கு ஓர் ஐந்து கோடு, அதற்குக் கீழே இன்னும் பெரிய வயலின்களுக்கு, கித்தாருக்கு, தாளக் கருவிகளுக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அப்போது அந்தத் தாளை மேலிருந்து கீழாகவும் படிக்கலாம். ஒரே நொடியில் யார் யார் என்னென்ன வாசிக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும்.

இரப்பர் தோட்டத்தில் காலைப் பிரட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தம் நிரை எது, தம் மரங்கள் எவை என்று தெரியும். அடுத்தவர் நிரையைப் பற்றிக் கவலையில்லை. மண்டோருக்கு மட்டும் மலைக்காட்டின் முழுக் கணக்கும் தெரியும். இசைக்குழுவும் அப்படித்தான். வாத்தியக்காரருக்குத் தம் வரி எழுதிய தாள் போதும். முழுத்தாளை எழுதுகிறவர்தான் இசையமைப்பாளர். ஐம்பது பேரை ஒரு முறைகூட ஒத்திகை பார்க்காமல் ஒன்றாக வாசிக்க வைக்க முடிகிறதென்றால் இந்தத் தாள்தான் காரணம்.

அதற்கு மேலே இன்னொரு பாடம் உண்டு. கவுண்டர்பாயிண்ட் என்பார்கள். நம் இசையில் மெட்டு ஒன்று; அதற்குச் சுருதியும் தாளமும் துணை. நாகசுரத்துக்கு ஒத்தும் தவிலும் போல. மேல்நாட்டில் 1685 முதல் 1750 வரை வாழ்ந்த ஜெர்மானியர் பாக் போன்றவர்கள் வேறொரு வழியை உச்சத்துக்குக் கொண்டு போனார்கள். வீட்டுக்குள் ஒரு தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுகிறாள். திண்ணையில் பாட்டி கீரை ஆய்ந்துகொண்டு வேறொரு பாட்டை முணுமுணுக்கிறாள். சாதாரணமாக இரண்டும் மோதும், காது கூசும். மோதாமல், இரண்டும் தனித்தனிப் பாட்டாகவே இருந்துகொண்டு, சேர்ந்து கேட்டால் மூன்றாவதாக ஓர் அழகு பிறக்கும்படி அமைத்தால் அதுதான் கவுண்டர்பாயிண்ட். இதற்குக் கடுமையான விதிகள் உண்டு. கணக்குப் போடுவது போல எழுதி எழுதித்தான் கை வரும். பகலில் வேலை தேடி, மாலையில் வாசித்து, இடையில் இந்தக் கணக்கைப் போட்டார் ராசையா. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்வைத் தபால் வழியாக எழுதித் தங்கப் பதக்கமும் பெற்றார். கருநாடக இசையை டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கித்தாரும் ஆர்கனும் வாசிக்கும் வேலை கிடைக்கத் தொடங்கியது. அவரை வாசிக்க அழைத்தவர்களில் ஒருவர் வங்காளத்து சலில் சௌதுரி. 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்தவர் என்றால் நம் நேயர்களுக்குச் சட்டென்று தெரியும். இவர் வரலாற்றிலும் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சலில் சௌதுரியின் தந்தையார் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். அவர் வீட்டில் பாக், பீத்தோவன் இசைத்தட்டுகள் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்து அவர் நாடகமும் போட்டார். ஒரு பக்கம் இசைத்தட்டில் மேல்நாட்டு இசை, மறு பக்கம் லயத்தில் தொழிலாளர் பாட்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்த பையன் பிற்காலத்தில் மக்கள் நாடக இயக்கத்துக்குப் பாட்டமைத்து, பிறகு சினிமாவுக்கு வந்தார். அஸ்ஸாம் தோட்டத்திலிருந்து வந்தவரும் மூணாறு மலையடிவாரத்திலிருந்து வந்தவரும் சென்னையில் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்திருக்கிறார்கள். அந்தக் கித்தார்க்காரர் இந்தியாவின் தலைசிறந்த இசையமைப்பாளர் ஆவார் என்று சலில் சௌதுரி சொன்னதாகக் கூறுவர்.

பிறகு கன்னடப் படவுலகின் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. ஏறத்தாழ இருநூறு படங்கள். வெங்கடேஷ் மெட்டைக் கொடுப்பார். அதை எந்தெந்த வாத்தியத்துக்கு எப்படிப் பிரித்து எழுதுவது என்பது ராஜாவின் பொறுப்பு. இந்த வேலையில் அவர் கண்டுபிடித்துக் கொண்ட ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. தாளில் எழுதிய இசை சரியா தவறா என்று தெரிய அதை வாசித்துக் கேட்க வேண்டும். வாசிக்க ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். கையில் காசில்லாத உதவியாளர் என்ன செய்வார்? ஒலிப்பதிவின் இடைவேளையில், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், தாம் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டி, இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பார். அவர்களும் வாசித்துக் காட்டுவார்கள். அவருடைய சொந்த இசை முதன்முதலில் ஒலித்தது இப்படிப்பட்ட பத்து நிமிட ஓய்வுகளில்தான்.

1973 ஆம் ஆண்டு பாவலர் வரதராஜன் இறந்தார். தம்பி இசையமைப்பாளர் ஆனதை அவர் பார்க்கவில்லை. அவர் மேடையில் பாடியவை அந்தந்த ஊருக்கும் அன்றைய சண்டைக்கும் ஏற்ப அவ்வப்போது மாறியவை. சொற்களை வேண்டுமானால் நினைவிலிருந்து எடுத்து அச்சிடலாம். எந்தச் சொல்லை இழுத்தார், எந்த இடத்தில் பெட்டியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க விட்டார், தேவிகுளத்தில் மழையில் நின்றவர்கள் ஏன் கலையாமல் நின்றார்கள் என்பதை எங்கே அச்சிடுவது? அண்ணனிடம் இருந்தது காதால் வாங்கி வாயால் கொடுக்கும் கலை. அதில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. தம்பி அதையும் வைத்துக்கொண்டு, எழுதும் கலையையும் கற்றார்.

1976 ஆம் ஆண்டு. கதாசிரியர் ஆர். செல்வராஜ் வழியாகப் பஞ்சு அருணாசலத்தின் அறிமுகம் கிடைத்தது. 'அன்னக்கிளி' படம். தேவராஜ் மோகன் இரட்டையர் இயக்கம். ஏற்கெனவே ஏ. எம். ராஜா என்று ஒரு பெயர் பெற்ற ராஜா இருந்ததால், இவர் இளையராஜா ஆனார். முதல் பாட்டுப் பதிவில் மின்சாரம் நின்றுபோய், சகுனம் சரியில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் கதை.

அந்தப் படத்தின் பாட்டுகளைக் கேட்டபோது நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? நடவுப் பாட்டும் தாலாட்டும் வானொலியில் வருகிறதே என்றுதான். எஸ். ஜானகியின் குரல் எந்தத் தாளிலும் எழுத முடியாத வழுக்கலோடும் குழைவோடும் போகிறது. அது காது வழி வந்த கலை, பண்ணைப்புரம் தந்தது. குரலுக்கு அடியில் வாசிப்பவர்கள் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். அது தன்ராஜ் மாஸ்டரின் அறையில் கற்றது. ஐந்து கோட்டுக்குள் கமகம் அடங்காது என்று தெரிந்தவர், அதை அடக்க முயலவில்லை. எழுத முடியாததைப் பாடகரிடம் விட்டார். எழுத முடிந்ததைத் தாளில் எழுதினார். இரண்டு வகை நினைவும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. அவருக்கு முன்பும் தமிழ்ப் படங்களில் வயலின் கூட்டம் இருந்தது, நாட்டுப்பாட்டும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடந்ததுதான் புதிது.

பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1986 ஆம் ஆண்டு 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. பாட்டில்லை, படமில்லை, வாத்தியங்கள் மட்டும். அதைத் தியாகராஜ சுவாமிகளுக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 1988 இல் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோடு இன்னொரு தொகுப்பு. 1993 இல் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தாம் எழுதிய சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவே இல்லை. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். எழுதியதும் உண்மை, வாசித்ததும் உண்மை. மக்கள் காதுக்கு மட்டும் வரவில்லை. 2005 இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்துக்கு ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு இசை வெளியிட்டார். அதற்கு ஆங்கிலப் பகுதிகளை எழுதியவர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ்; அமெரிக்க நாடக மேடைக்குப் பாட்டும் இசையும் எழுதிப் புகழ் பெற்றவர். இழவு வீட்டிலும் கோயிலிலும் நாம் ஓதக் கேட்ட வரிகளை ஐரோப்பிய வாத்தியங்களோடு கேட்டபோது சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு, வாத்தியங்கள் அடங்கி ஒற்றைக் குரல் நிற்கும் இடங்களே நெஞ்சில் தங்கின.

2025 ஆம் ஆண்டு மார்ச்சு 8 ஆம் நாள், எண்பத்தோராவது வயதில், 'வேலியன்ட்' என்று பெயரிட்ட தம் முதல் சிம்பொனியை இலண்டன் மேடையில் அதே ராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அதை நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். 1993 க்கும் 2025 க்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்.

இப்படிப்பட்ட இசையெல்லாம் எங்கேயோ இலண்டனிலும் சென்னையிலும் நடப்பது என்று எண்ண வேண்டாம். யோங் பெங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத குளுவாங்கில் 1971 ஆம் ஆண்டு பிறந்தவர் சோங் கீ யோங் என்னும் இசையமைப்பாளர். சீன நாட்டு சியான் நகர இசைக் கல்லூரியிலும் பெல்ஜியத்தின் பிரசல்சிலும் படித்தவர். சீன மரபின் ஒலிகளையும் மேல்நாட்டு இசைக்குழுவையும் சேர்த்து எழுதுகிறவர். கோலாலம்பூரில் 1998 ஆம் ஆண்டு மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு தொடங்கியபின், நம் நாட்டில் பிறந்தவர்கள் எழுதுவதை இங்கேயே பெரிய குழு வாசித்துக் கேட்கும் நிலை உண்டாயிற்று. நம் உறுமி மேளக் குழுக்களில் எத்தனை இளைஞர்கள் இருக்கிறார்கள்! உறுமியின் அழுகையை எந்தக் குறியிட்டு எழுதுவது என்பது இன்னும் எவரும் முடித்துவிட்ட வேலையன்று.

பேச்சை நிறுத்துவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. அடுத்த முறை வானொலியில் 'அன்னக்கிளி' பாட்டு வரும்போது பாடுகிறவர் குரலை விட்டுவிடுங்கள். குரலுக்கு அடியில் போகும் ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள். எங்கே அது பேசுகிறது, எங்கே வாய்மூடி நிற்கிறது, குரல் மேலே ஏறும்போது அது என்ன செய்கிறது என்று தாளில் ஒரு கோடு போட்டுக் குறித்துப் பாருங்கள். மறுமுறை கேட்கும்போது இன்னொரு வாத்தியத்துக்கு இன்னொரு கோடு போடலாம்.